கம்யூனிச ஆட்சியில் சமயம்: ஆவணக்காப்பகங்களில் ஆய்வு செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1946 மார்ச் 8 முதல் 10 வரை மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரில், புனித யூரா பேராலயத்தில், ஒரு மாமன்றம் கூடியது. 216 குருக்களும் 19 பொதுநிலையினரும் அதில் கலந்துகொண்டனர். 1596-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியாக உரோமையோடு இணைந்திருந்த கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை, அந்த உறவை அறுத்துக்கொண்டு மாஸ்கோவின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்வதாக அவர்கள் தீர்மானித்தனர். அச்சில் வெளியான நடவடிக்கைக் குறிப்புகளை மட்டும் வாசிப்பவர், குருக்கள் தாமாகக் கூடித் தாமாக எடுத்த முடிவு இது என்றே எண்ணுவார். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, 1945 மார்ச்சில், இத்திருச்சபையைக் கலைப்பதற்கான திட்டம் ஸ்டாலினின் மேசைக்குச் சென்றிருந்தது. ஏப்ரல் 11 அன்று பேராயர் யோசிஃப் ஸ்லிப்பியும் அவருடைய ஆயர்களும் கைது செய்யப்பட்டனர். மே மாதம், ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர வலியுறுத்தும் ‘முன்முயற்சிக் குழு’ என்ற ஒன்று தோன்றியது. கைதான அந்த ஆயர்கள் சிறையில் இருந்த நிலையில்தான் அந்த மாமன்றம் கூடியது.

இந்த இரண்டு கதைகளும் ஆவணங்களில்தான் இருக்கின்றன. வெவ்வேறு அலுவலகங்கள், வெவ்வேறு வாசகர்களுக்காக எழுதியவை என்பதே வேறுபாடு. கம்யூனிச ஆட்சியில் சமயம் பற்றி ஆராய வருபவர்களுக்கு நான் முதலிலும் கடைசியிலும் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கோப்பைப் படிக்கும் முன் அந்தக் கோப்பை எழுதிய அலுவலகத்தைப் படியுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை நடைமுறையில் செய்வதற்கான வழிகள். சோவியத் ஒன்றியத்தை மையமாக வைத்து எழுதுகிறேன். கிழக்கு ஐரோப்பாவின் பிற நாடுகளை ஒப்பீட்டுக்காகத் தொட்டுச் செல்கிறேன்.

முதல் படி: காலத்தையும் இடத்தையும் குறுக்கிக்கொள்ளுங்கள்

‘கம்யூனிசமும் சமயமும்’ என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. சோவியத் அரசின் சமயக் கொள்கை எழுபது ஆண்டுகளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1918-இல் திருச்சபை அரசிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பிரிக்கப்பட்டது. 1922-இல் பஞ்சத்தைக் காரணம் காட்டித் தேவாலயங்களின் விலையுயர்ந்த பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. 1929 ஏப்ரல் 8-ஆம் தேதிச் சட்டம், பதிவு பெற்ற கட்டடத்துக்குள் நடக்கும் வழிபாட்டைத் தவிர ஏறக்குறைய எல்லாச் சமயப் பணிகளையும் தடை செய்தது. 1937-38-இல் பெருங்கொலைகள் நிகழ்ந்தன. 1943 செப்டம்பர் 4 அன்று ஸ்டாலின் மூன்று பேராயர்களைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசிய பிறகு ஒரு தளர்வு வந்தது. 1958 முதல் 1964 வரை குருசேவ் மறுபடியும் நெருக்கினார். சுமார் 13,000 ஆக இருந்த ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்கள் அறுபதுகளின் நடுவில் சுமார் 7,500 ஆகக் குறைந்தன.

ஒவ்வொரு கட்டத்திலும் காகிதத்தை உண்டாக்கியவர்கள் வேறு. ஆகவே ஒரு மாவட்டம், ஒரு சமயக்குழு, பத்துப் பதினைந்து ஆண்டுகள் என்ற அளவில் தொடங்குங்கள். நோக்கம் தெளிவானால் எந்தக் காப்பகத்துக்கு எழுத வேண்டும் என்பது தானே தெளியும்.

இரண்டாம் படி: அலுவலகங்களின் வரைபடம் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்

இந்தப் படியில் செலவிடும் ஒரு மாதம், வாசிப்பறையில் பல மாதங்களை மிச்சப்படுத்தும் என்பது என் உறுதியான கருத்து.

1943-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை விவகாரக் குழு உருவாக்கப்பட்டது. அதன் தலைவராக அமர்த்தப்பட்ட கியோர்கி கார்ப்போவ், அரசுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி. 1944-இல் முஸ்லிம்கள், கத்தோலிக்கர், யூதர், பௌத்தர், பாப்டிஸ்ட்டுகள் முதலிய மற்றெல்லோருக்குமாக வழிபாட்டு விவகாரக் குழு என்று இன்னொன்று வந்தது. 1965-இல் இரண்டும் சமய விவகாரக் குழு என்ற ஒரே அமைப்பாக இணைந்தன. இவற்றின் காகிதங்கள் மாஸ்கோவில் ரஷ்யக் கூட்டமைப்பின் அரசு ஆவணக்காப்பகத்தில் ஆர்-6991 என்ற தொகுதியில் உள்ளன. குழுவுக்கு மாகாணந்தோறும் ஓர் ஆணையர் இருந்தார். அவர் மாஸ்கோவுக்கு அனுப்பிய அறிக்கையின் படி ஒன்று மாகாணக் காப்பகத்திலும் தங்கியிருப்பதுண்டு. மாஸ்கோவில் கிடைக்காத காகிதத்தை மாகாண நகரத்தில் தேடுவது இத்துறையில் பழைய வழக்கம். பெரும்பாலும் பலன் தரும் வழக்கம்.

குழுவுக்கு மேலே கட்சி இருந்தது. முடிவு அங்கே எடுக்கப்பட்டது. குழு அதை நிறைவேற்றியது. பக்கத்தில் இரகசியக் காவல்துறை இருந்தது. இது காலத்துக்குக் காலம் சேக்கா, ஓ.ஜி.பி.யு., என்.கே.வி.டி., கே.ஜி.பி. எனப் பெயர் மாறியது. பெயர் மாறும்போது கோப்புகளின் அமைப்பும் மாறியது. இவற்றுக்கு அப்பால் நீதிமன்றம், உள்ளாட்சி, நாத்திகப் பரப்புரை அமைப்புகள், திருச்சபையின் சொந்த அலுவலகம் என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காகித வரிசையை விட்டுச் சென்றிருக்கிறது.

ஒரே நிகழ்ச்சி இந்த வரிசைகளில் எப்படி எப்படிப் பதிவாகிறது என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி நல்ல எடுத்துக்காட்டு. 1976 ஆகஸ்ட் 18 அன்று ஆஸ்கர் புரூசெவிட்ஸ் என்ற போதகர், பள்ளிகளில் குழந்தைகள் மீதும் இளையோர் மீதும் நிகழ்ந்த சமய ஒடுக்குமுறையைக் கண்டித்துப் பதாகை வைத்துவிட்டு, சைட்ஸ் நகரத் தேவாலயத்தின் முன் தனக்குத் தீ வைத்துக்கொண்டார்; நான்கு நாள்களுக்குப் பின் இறந்தார். கட்சி நாளேடு அவரை மனநலம் குன்றியவராகச் சித்திரித்தது. ஷ்டாசி எனப்படும் அரசுப் பாதுகாப்பு அமைச்சகம் அதைத் தன் கண்காணிப்புப் பணியாகப் பதிவு செய்தது. திருச்சபை விவகாரங்களுக்கான அரசுச் செயலகமும் திருச்சபையின் தலைமை அலுவலகமும் தமக்குள் கடிதப் போக்குவரத்து நடத்தின. இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்தவரிடம் அந்த அலுவலகத்தின் அப்போதைய கவலைதான் இருக்கும். போதகரின் மரணம் பற்றி அவருக்குத் தெரிவது மிகக் குறைவு.

மூன்றாம் படி: எந்தக் கதவு இன்று திறந்திருக்கிறது என்று பாருங்கள்

கிழக்கு ஜெர்மனியின் ஷ்டாசி கோப்புகளை 1991 இறுதியில் இயற்றப்பட்ட தனிச் சட்டம் திறந்துவிட்டது. 2021 ஜூன் முதல் அவை கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. அடுக்கி வைத்தால் சுமார் 111 கிலோமீட்டர் நீளம் வரும். அங்கே திருச்சபைகளைக் கவனித்த பிரிவின் குறியீடு ‘தலைமைப் பிரிவு 20/4’. விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடுங்கள். போலந்தில் தேசிய நினைவு நிறுவனம், ருமேனியாவில் 1999-ஆம் ஆண்டு 187-ஆம் எண் சட்டத்தால் உருவான பாதுகாப்புக் கோப்பு ஆய்வு மன்றம், ஹங்கேரியில் அரசுப் பாதுகாப்புப் பணிகளின் வரலாற்றுக் காப்பகம், லித்துவேனியாவில் சிறப்புக் காப்பகம் ஆகியவை அந்தந்த நாட்டில் நீங்கள் அணுக வேண்டிய இடங்கள்.

உக்ரைன் 2015-இல் இயற்றிய சட்டம் 1917 முதல் 1991 வரையிலான அடக்குமுறை அமைப்புகளின் கோப்புகளை ஏறக்குறைய முழுவதும் திறந்தது. கீவிலுள்ள பாதுகாப்புச் சேவையின் காப்பகத்தில் வெளிநாட்டவரும் கோப்பு கேட்கலாம். சொந்தக் கேமராவில் கட்டணமின்றிப் படமெடுக்கலாம். லிவிவ் மாமன்றத்துக்கு முன்னேற்பாடாக இரகசியக் காவல்துறை எழுதிக்கொண்ட கடிதங்களை இன்று நாம் படிப்பது இதனால்தான். சோவியத் ஒன்றியம் முழுவதற்குமான உத்தரவுகளின் படிகள் குடியரசுத் தலைநகரங்களுக்கும் சென்றன என்பதால், மாஸ்கோவில் பார்க்க முடியாத சுற்றறிக்கை கீவிலோ வில்னியசிலோ கிடைப்பதுண்டு. ஆனால் போர் இந்த வாய்ப்பையும் அரித்துவருகிறது. 2022-இன் தொடக்க நாள்களில் செர்னிஹிவ் நகரப் பாதுகாப்புச் சேவைக் காப்பகம் அழிந்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் கெர்சோன் அரசுக் காப்பகம் கொள்ளையடிக்கப்பட்டது. எண்மப் படி எடுக்க வாய்ப்புள்ள கோப்பை அடுத்த பயணத்துக்கு என்று ஒத்திப்போடாதீர்கள்.

ரஷ்யாவில் தனிநபர் இரகசியம் அடங்கிய கோப்புகளுக்கு 75 ஆண்டுத் தடை உண்டு. பின்னாளில் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்படாதவரின் விசாரணைக் கோப்பை, அக்காலம் கடந்த பிறகும் வெளியார் பார்ப்பது மிகக் கடினம். உங்கள் பல்கலைக்கழகம் தரும் அறிமுகக் கடிதத்தில் எழுதப்படும் தலைப்பும் ஆண்டு வரம்புமே நீங்கள் எதைக் கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆதலால், அந்த இரண்டு வரிகளை அகலமாகவும் உண்மையாகவும் எழுதச் சொல்லுங்கள்.

நான்காம் படி: மொழியையும் அலுவலகக் கொச்சையையும் கற்றுக்கொள்ளுங்கள்

ரஷ்ய மொழி தெரிந்தால் மட்டும் போதாது. கையெழுத்து ரஷ்யனை வாசிக்கப் பழக வேண்டும். மத்திய ஆசியாவில் சிக்கல் இன்னும் கூடுதல். உஸ்பெக் மொழி இருபதுகளின் இறுதி வரை அரபு எழுத்திலும், பின்பு இலத்தீனிலும், 1940 முதல் சிரில்லிக்கிலும் எழுதப்பட்டது. இளமையில் அரபு எழுத்தில் எழுதிய ஓர் இமாம், முதுமையிலும் தன் சொந்தக் கடிதங்களை அதே எழுத்தில்தான் எழுதியிருப்பார். கோப்பில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காவல்துறை மொழிபெயர்ப்பாளரின் ரஷ்ய வடிவமாக இருக்கும். மூலம் உடன் இருந்தால் கட்டாயம் அதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகச் சொற்களை அகராதிப் பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. குருவும் இமாமும் ரப்பியும் ‘வழிபாட்டு ஊழியர்’ என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டனர். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, அட்வென்டிஸ்ட், யெகோவாவின் சாட்சிகள் எல்லோரும் ‘செக்தந்த்’, அதாவது பிரிவுக்குழுவினர், என்ற ஒரே பெட்டியில் அடைக்கப்பட்டனர். பதிவு இல்லாமல் ஊர் ஊராகச் சென்று நிக்காஹ் செய்துவைத்தவர் ‘அலையும் முல்லா’. ‘வெறியர்’ என்ற சொல், நோன்பிருந்த பள்ளி ஆசிரியையைக்கூடக் குறித்திருக்கலாம். இவற்றைத் தமிழில் எழுதும்போது அப்படியே நம் சொல்லாக எடுத்தாண்டால், அன்றைய ஆணையரின் தீர்ப்பை நாமும் வழிமொழிந்தவர்களாவோம். மேற்கோள் குறிக்குள் வைத்து, அடுத்த வாக்கியத்தில் அந்த ஆள் உண்மையில் யார் என்று சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: எண்களை நம்பும் முன் அவை பிறந்த விதத்தைக் கேளுங்கள்

1937 சனவரியில் நடந்த சோவியத் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் பற்றிய கேள்வி இருந்தது. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பதில் அளித்த சுமார் 9 கோடியே 84 லட்சம் பேரில், 5 கோடியே 53 லட்சம் பேர் தாம் நம்பிக்கையாளர் என்றனர். இருபது ஆண்டு நாத்திகப் பரப்புரைக்குப் பிறகு வந்த விடை இது. கணக்கெடுப்பே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதை நடத்திய அதிகாரிகள் கைதாயினர். முடிவுகள் அரை நூற்றாண்டு கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வந்தன. இந்த எண்ணையும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். வீட்டு வாசலில் நின்று, பெயரை எழுதிக்கொண்டு, அரசு ஊழியர் கேட்ட கேள்வி அது. அச்சத்தால் மறைத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

ஆணையர்களின் அறிக்கைகளில் உள்ள புள்ளிவிவரங்களும் இப்படியே. தன் மாகாணத்தில் சமயம் குறைந்துவருகிறது என்று காட்டுவது ஆணையருக்கு நன்மை. ஆனால் எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று எழுதினால் தன் பதவிக்கே தேவை இல்லை என்றாகிவிடும். ஆகவே பல அறிக்கைகளில் முதல் பக்கம் ‘குறைவு’ என்றும், பின்பக்கங்கள் ‘தீவிரமடைகிறது’ என்றும் பேசும். இரண்டையும் படியுங்கள். ஞானஸ்நான எண்ணிக்கை இன்னொரு பொறி. குருசேவ் காலத்தில், குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கும்போது பெற்றோரின் அடையாள ஆவண விவரங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி வந்தது. அந்த விவரம் பெற்றோரின் வேலையிடத்துக்குப் போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு பதிவேட்டு எண்கள் இறங்கின. அந்த இறக்கத்தில் எவ்வளவு நம்பிக்கைச் சரிவு, எவ்வளவு வீட்டுக்குள் பாட்டி கையால் நடந்த ஞானஸ்நானம் என்பதைப் பதிவேடு பிரித்துக் காட்டாது.

ஆறாம் படி: விசாரணைக் கோப்பைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

1937 சூலை 30-ஆம் தேதியிட்ட என்.கே.வி.டி. உத்தரவு 00447, ஒடுக்கப்பட வேண்டியோர் பட்டியலில் திருச்சபையினரையும் ‘செக்தந்த்’ செயற்பாட்டாளர்களையும் வெளிப்படையாகச் சேர்த்தது. மூவர் குழுக்கள் நீதிமன்றம் இன்றித் தண்டனை விதித்தன. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள புத்தோவோ திடலில் மட்டும் 1937 ஆகஸ்ட் முதல் 1938 அக்டோபர் வரை 20,000-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எண்பது வயது கடந்த பேராயர் செராஃபிம் சிச்சாகோவ் அவர்களில் ஒருவர்.

அக்காலக் கோப்புகள் மெலிந்தவை. கைது ஆணை, தன்விவரப் படிவம், ஒன்றிரண்டு விசாரணைப் பதிவுகள், சாட்சிகளின் வாக்குமூலங்கள், குற்றச்சாட்டு, மூவர் குழுத் தீர்ப்பின் நகல், கடைசியில் தண்டனை நிறைவேற்றப்பட்டதற்கான ஒரு துண்டுச் சீட்டு. பல கோப்புகளில் இதற்குப் பின்னரும் பக்கங்கள் உண்டு. ஐம்பதுகளில் வழக்கை மறுபரிசீலனை செய்தபோது, உயிரோடிருந்த பழைய சாட்சிகளை மீண்டும் அழைத்து விசாரித்தார்கள். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’, ‘எழுதி வைத்திருந்ததில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்’ என்ற வகையான பதில்கள் அங்கே வரும். அதனால்தான் பின்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். முன்பக்கத்தின் மீதான சந்தேகத்தைக் கோப்பே உங்கள் கையில் தருகிறது.

விசாரணைப் பதிவின் மொழியை உற்றுக் கேளுங்கள். எழுத்தறியாத ஒரு கிராமத்துப் பெண், ‘கூட்டுப்பண்ணைகளுக்கு எதிராக எதிர்ப்புரட்சிக் கிளர்ச்சி செய்தேன்’ என்று பேசியிருக்க மாட்டார். அது விசாரணையாளரின் வாக்கியம். ஆனால் இடையில் எங்கோ, வழக்குக்குத் தேவைப்படாத ஒரு விவரம் தப்பிப் பிழைத்திருக்கும்: எந்த வீட்டில் கூடினார்கள், யார் பாட்டுப் புத்தகத்தை வைத்திருந்தார், நோயாளிக்காக எத்தனை நாள் செபித்தார்கள் என்பவை போல. குற்றத்தை நிரூபிக்க உதவாத விவரத்தைப் புனைய விசாரணையாளருக்குக் காரணம் குறைவு. அத்தகைய வரிகளே சமய வாழ்க்கையின் வரலாற்றுக்கு எனக்கு மிகவும் பயன்படுபவையாகத் தோன்றுகின்றன.

கைதின்போது பறிமுதல் செய்யப்பட்டுக் கோப்போடு தைக்கப்பட்ட பொருள்களையும் விட்டுவிடாதீர்கள். கையால் எழுதிய செபப் புத்தகங்கள், சங்கிலிக் கடிதங்கள், குழுப் புகைப்படங்கள் ஆகியவற்றைக் கைது செய்தவர்கள் சாட்சிப் பொருளாக வைத்தார்கள். அந்தச் சமூகத்திடம் வேறு எதுவும் எஞ்சாததால், அவர்களுடைய பக்தியின் ஒரே எச்சம் இன்று அவர்களை அழித்த துறையின் அலமாரியில் இருக்கிறது. எனக்கு இதைவிட மனத்தை உறுத்தும் செய்தி இத்துறையில் வேறில்லை.

ஏழாம் படி: இல்லாத கோப்பையும் கணக்கில் எடுங்கள்

1989 இறுதியில் ஷ்டாசி ஊழியர்கள் கையால் கிழித்த காகிதம் சுமார் 15,000 மூட்டைகளில் கிடைத்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் ஒட்டிச் சேர்க்கப்பட்டவை அவற்றில் சில நூறு மூட்டைகளே. போலந்திலும் அதே மாதங்களில் குருக்கள் பற்றிய கோப்புகள் பெருமளவில் எரிக்கப்பட்டன. கோப்பு அழிந்தாலும் அட்டவணை அட்டை, பதிவேட்டு வரி, வேறொரு கோப்பில் குறிப்பிடப்பட்ட எண் ஆகியவை தப்பியிருக்கக்கூடும். அவற்றைக் கொண்டு அங்கே ஒரு கோப்பு இருந்தது என்று சொல்லலாம்; அதில் என்ன இருந்தது என்று சொல்லக் கூடாது.

எட்டாம் படி: நம்பிக்கையாளர்கள் தாமே எழுதியதைத் தேடுங்கள்

ஆர்-6991 தொகுதியிலேயே, 1943-க்குப் பிறகு மூடிய தேவாலயங்களைத் திறக்கக் கோரி ஊர்மக்கள் அனுப்பிய மனுக்கள் குவிந்துள்ளன. அவையும் ஒரு வாசகரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. போர்முனையில் மகன் இருப்பதையும் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்ததையும் சொல்லித்தான் கோரிக்கைக்கு வருவார்கள். அடுத்தது சமிஸ்தாத் எனப்பட்ட இரகசியத் தட்டச்சு வெளியீடுகள். லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் நிகழ்வேடு 1972 முதல் 1989 வரை தொடர்ந்து வந்தது. அதன் ஓர் இதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் அருட்சகோதரி நியோலே சாதுனைத்தே 1974-இல் கைதானார். இத்தகைய வெளியீடுகளைத் திரட்டிய கெஸ்டன் தொகுப்பு இங்கிலாந்தில் தொடங்கி, 2007-இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. ரஷ்யக் காப்பகம் மூடியிருக்கும் காலத்தில் ஆய்வைத் தொடங்குபவருக்கு இது நல்ல நுழைவாயில்.

உயிரோடிருப்பவர்களின் நினைவுகளைப் பதிவதானால், முடிந்தவரை கோப்பைக் காட்டும் முன் பதியுங்கள். கோப்பைப் பார்த்த பிறகு நினைவு கோப்பின் வரிசையில் அமர்ந்துவிடும்.

ஒன்பதாம் படி: பெயர்களை வெளியிடும் முன்

2007 சனவரியில் வார்சாவின் புதிய பேராயர், பதவியேற்பு விழா நடக்கவிருந்த நாளிலேயே, பழைய உளவுத்துறைத் தொடர்பு வெளியானதால் விலகினார். 2012-இல் பல்கேரியாவின் கோப்பு ஆணையம், அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஆளும் அவையான புனித மாமன்றத்தின் 15 பேராயர்களில் 11 பேர் அரசுப் பாதுகாப்புத் துறையோடு ஒத்துழைத்தவர்கள் என்று அறிவித்தது. இத்தகைய செய்தி பத்திரிகைக்கு ஒரு நாள் தலைப்பு. ஆய்வாளருக்கோ வேலை அங்கேதான் தொடங்குகிறது. உளவுத்துறையின் அட்டவணை அட்டையில் ஒருவர் பெயர் இருந்தது என்பது ஒன்று. ஒத்துழைப்பதாக அவர் கையெழுத்திட்ட உறுதிமொழி இருந்தது என்பது இன்னொன்று. அவர் கொடுத்த தகவலால் யாரோ சிறை சென்றார் என்பது முற்றிலும் வேறு. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போன எந்தத் திருச்சபைத் தலைவரும் அரசு அலுவலரோடு பேசாமல் போயிருக்க முடியாது. மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்க, சாதாரண உரையாடலையும் ‘தகவலாளர் சந்திப்பு’ என்று எழுதிய அதிகாரிகளும் இருந்தார்கள். மறுபுறம், இந்தச் சாத்தியங்களைக் காட்டி எல்லோரையும் விடுவித்துவிடுவது, காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறையில் கிடந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. எந்த வகைச் சான்று உங்களிடம் இருக்கிறது என்பதைப் பெயரின் பக்கத்திலேயே எழுதுங்கள். பொதுவாழ்வில் இல்லாத எளிய மனிதரின் பெயரைப் பெரும்பாலான நேரங்களில் மறைத்துவிடலாம். அதனால் வாதம் எதுவும் பலவீனப்படாது. கோப்பில் பதிவான நோய், காதல், குடி, குடும்பச் சண்டை ஆகியவை கண்காணிப்பின் வழியாகத் திருடப்பட்ட செய்திகள். ஆய்வுக்கு இன்றியமையாதவை அல்ல என்றால் விட்டுவிடுங்கள்.

பத்தாம் படி: குறிப்பெடுத்தலும் திருப்பிக் கொடுத்தலும்

ஒவ்வொரு படத்தின் முதல் சட்டகத்திலும் தொகுதி, பட்டியல், கோப்பு, தாள் ஆகிய நான்கு எண்களும் தெரிய வேண்டும். ரஷ்ய வழக்கில் இவை ஃபோந்த், ஓபிஸ், தேலோ, லிஸ்ட் எனப்படும். தாளின் பின்பக்கத்துக்குத் தனி எண் இல்லை. ‘பின்’ என்று குறித்துக்கொள்ளுங்கள். கோப்பின் உறையில் உள்ள தலைப்பும், உங்களுக்கு முன் யார் பார்த்தார்கள் என்ற பயன்பாட்டுத் தாளும் படமெடுக்க வேண்டியவையே.

கடைசியாக, கொல்லப்பட்டவர்களின் குடும்பம் இருந்தால் அவர்களிடம் செல்லுங்கள். 1937-38-இல் சுடப்பட்டவர்களின் உறவினரிடம் ‘கடிதத் தொடர்பு உரிமை இல்லாத பத்தாண்டுச் சிறை’ என்றே சொல்லப்பட்டது. 1955 முதல் பொய்யான தேதியும் பொய்யான நோயும் எழுதிய இறப்புச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. நாற்பதுகளில் நிமோனியாவால் முகாமில் இறந்தார் என்று நம்பி, அந்தத் தேதியில் பல பத்தாண்டுகளாக ஆண்டுத் திருப்பலியும் நினைவு வழிபாடும் நடத்திவந்த குடும்பங்கள் உண்டு. அவர்களைச் சந்திக்கப் போகும்போது ஆய்வுக் கட்டுரையை எடுத்துச் செல்ல வேண்டாம். தண்டனை நிறைவேற்றப்பட்ட நாளைக் குறிக்கும் அந்தத் துண்டுச் சீட்டின் தெளிவான படியையும், இடம் தெரிந்தால் அதன் பெயரையும் எடுத்துச் செல்லுங்கள். கையில் கொடுக்கும் முன், பார்க்க விரும்புகிறார்களா என்று கேளுங்கள்.